வாங்கிக் கொடுப்பவனின் வயது

மது வாங்கச் சட்டப்படி 18 வயது போதும் என்றிருக்கும் இடங்களில் அந்த வயதை உயர்த்த வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாம் 18 வயது இளைஞனைப் பற்றியே பேசுகிறோம். அவனுக்கு முதிர்ச்சி வந்துவிட்டதா, அவனுடைய உரிமையில் அரசு தலையிடலாமா என்று வாதம் அவனைச் சுற்றியே வருகிறது. நானும் நெடுங்காலம் அப்படி யோசித்து, 18 போதும் என்று நம்பிவந்தவன்தான். இப்போது அந்த நம்பிக்கை என்னிடம் இல்லை. வயதை 20-க்காவது உயர்த்த வேண்டும் என்று கருதுகிறேன். என் மனத்தை மாற்றியது 18 வயதுக்காரனைப் பற்றிய கவலையைவிட, அவனோடு சுற்றும் 15, 16 வயதுப் பிள்ளைகளைப் பற்றிய கவலை.

நான் முதன்முதலில் மதுவைச் சுவைத்தபோது எனக்கு வயது 16. எங்கள் கூட்டத்தில் யாரும் கடைப்பக்கம் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்களைவிட இரண்டு வயது மூத்தவன், அதே பள்ளியில் இறுதியாண்டு படித்தவன், சட்டப்படி வாங்கிவந்து சட்டத்தை மீறி எங்களிடம் கொடுத்தான். விற்றவர்மீது குறை சொல்ல இடமில்லை. வாங்கியவனுக்கு உரிய வயது இருந்தது. 16-உம் 18-உம் ஒரே மைதானத்தில் விளையாடுகின்றன, ஒரே பிறந்தநாள் விருந்துக்குப் போகின்றன. 16-உம் 21-உம் அவ்வளவு எளிதில் கூட்டுச் சேர்வதில்லை. சட்டம் விதிக்கும் வயது பள்ளி வளாகத்துக்கு வெளியே போய்விட்டால், வாங்கிக் கொடுப்பவனும் பெரும்பாலும் வெளியே போய்விடுகிறான்.

இது என் ஊகம் மட்டுமன்று. நியூசிலாந்து 1999-இல் மது வாங்கும் வயதை 20-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. அதற்குப் பிந்தைய சாலை விபத்துக் காயங்களை, 20 வயதைக் கடந்தவர்களின் நிலையோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, புதிதாக உரிமை பெற்ற 18, 19 வயதினரிடையே மட்டுமல்லாமல், சட்டம் எந்த உரிமையும் தராத 15 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடையேயும் காயங்கள் கூடியிருந்தன. வரம்பைக் கீழே இறக்கினால் அதற்குக் கீழே நிற்பவர்களும் சேர்ந்தே இறங்குகிறார்கள். அதன் பிறகும், 2012-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இந்தக் கேள்வியை மீண்டும் எடுத்து விவாதித்து, 18-ஐயே வைத்துக்கொண்டது. ஒருமுறை கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறுவது எந்த அரசியல்வாதிக்கும் எளிதன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கா திரும்பப் பெற்றது, ஆனால் நேர்வழியில் அல்ல. 1971-இல் வாக்களிக்கும் வயது 18-ஆனதை ஒட்டி அங்கே பல மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் குறைத்தன. மாநிலத்துக்கு மாநிலம் வயது வேறுபட்டதால், எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டுக் காரோட்டித் திரும்பிய இளைஞர்கள் வழியிலேயே இறந்தார்கள். 1984-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் 21 என்று நேரடியாக ஆணையிடாமல், அந்த வயதை ஏற்காத மாநிலங்களின் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைப்போம் என்றது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் 21-க்கு வந்துவிட்டன. இந்த வயது வரம்பால் 1975 முதல் 2017 வரை 31,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது. மதிப்பீடுதான் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்த எண்ணில் பாதியை நம்பினாலே எனக்குப் போதும்.

வாக்களிக்கலாம், படையில் சேரலாம், ஒரு குவளை மது அருந்தக் கூடாதா என்று கேட்பவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லா உரிமைகளும் ஒரே பிறந்தநாளில் வந்து சேர வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. அதே அமெரிக்காவில் பிரதிநிதிகள் அவைக்கு 25 வயதும், செனட்டுக்கு 30 வயதும், அதிபர் பதவிக்கு 35 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஜப்பான் 2022 ஏப்ரலில் வயதுவந்தோர் என்பதற்கான வரம்பை 20-இலிருந்து 18-ஆகக் குறைத்தபோதும், மதுவுக்கும் புகைக்கும் 20-ஐ அப்படியே விட்டுவைத்தது. வாக்குச் சீட்டு மூளையைப் பாதிப்பதில்லை. திட்டமிடவும் தன்னை அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது.

வீட்டிலேயே சிறிது சிறிதாகப் பழக்கினால் பிள்ளைகள் அளவறிந்து குடிப்பார்கள் என்ற ஐரோப்பியப் பாணி வாதத்தை ஒருகாலத்தில் நானே ஆர்வத்தோடு பேசியிருக்கிறேன். 16 வயதிலேயே பியர் வாங்க அனுமதித்துவந்த டென்மார்க்கின் பதின்வயதினர், மிதமிஞ்சிக் குடிப்பதில் ஐரோப்பாவின் முன்வரிசையில் இருந்துவருகிறார்கள் என்று அறிந்த பிறகு அந்த ஆர்வம் வடிந்துவிட்டது.

என்னைச் சங்கடப்படுத்தும் மறுப்பு ஒன்று உண்டு. தடை செய்தால் ஒளிந்து குடிப்பார்கள், மயங்கி விழுந்த நண்பனை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் அஞ்சுவார்கள் என்பது அது. அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் 2008-இல் 21 வயது வரம்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கையெழுத்திட்டதற்கு, இந்த ஒளிவுமறைவும் ஒரு காரணம். அவர்கள் கண்ட சிக்கல் உண்மையானது. ஆனால் அந்த அச்சம் வயது வரம்பால் வருவதைவிட, பிடிபட்டால் யாருக்குத் தண்டனை என்பதால்தான் வருகிறது. குடித்த பிள்ளையின் பெயரைக் குற்றப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் எனக்கு வேண்டாம். உதவி கேட்டு அழைப்பவர்மீதும், யாருக்காக அழைத்தாரோ அவர்மீதும் வழக்கு இல்லை என்று சட்டமே சொல்ல வேண்டும். வயதைச் சரிபார்க்காமல் விற்றவரின் உரிமம் போக வேண்டும். தெரிந்தே சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் அபராதம் கட்ட வேண்டும்.

உடனே 21 என்பது மிகை என்று நினைப்பவர்களுக்குச் சுவீடனின் ஏற்பாட்டைப் பரிந்துரைப்பேன். அங்கே 18 வயதானவர் உணவகத்திலோ மதுக்கூடத்திலோ அமர்ந்து குடிக்கலாம். ஆனால் அரசின் மதுக்கடையிலிருந்து புட்டியை வாங்கி வெளியே எடுத்துச்செல்ல 20 வயது நிறைந்திருக்க வேண்டும். மேசையில் வைத்த குவளையை 16 வயதுத் தோழனுக்குக் கைமாற்றுவது கடினம். பையில் போட்ட புட்டி எங்கே வேண்டுமானாலும் போகும். எங்களிடம் வந்தது பையில் போட்ட புட்டிதான்.