200 கடல் மைலும் நாட்டின் எல்லை அல்ல
கரையிலிருந்து 200 கடல் மைல் வரை ஒரு நாட்டின் எல்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது தவறு. 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி இறையாண்மை 12 கடல் மைல் வரைதான். அங்கேயும் பிற நாட்டுக் கப்பல்கள் தீங்கு செய்யாமல் கடந்து போகலாம். 24 வரை சுங்கம், குடியேற்றம் போன்றவற்றுக்கான கண்காணிப்பு. அப்புறம் 200 வரை மீனும் எண்ணெயும் அந்த நாட்டுக்கு, ஆனால் கப்பல் ஓட்ட எல்லோருக்கும் உரிமை உண்டு. இது தெரியாமல், பிற நாட்டுக் கப்பல் 200 மைலுக்குள் வந்தாலே 'ஊடுருவல்' என்று கொதிப்பது வருத்தமாக இருக்கிறது.

தீவுகளைப் பற்றியும் அந்தக் கட்டுரை சொல்லியிருக்கலாம். ருமேனியா, உக்ரைன் வழக்கில் 2009இல் சர்வதேச நீதிமன்றம் கருங்கடல் எல்லையை வரைந்தபோது, உக்ரைனின் சிறு தீவான பாம்புத் தீவுக்கு அதன் 12 மைல் வளைவைத் தாண்டி எந்தப் பங்கும் தரவில்லை. அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.