ஒரு காது காணாதாம்

இண்டைக்கு மட்டும் ஏழாவது தரம், எண்ணினனான். வெள்ளை யூனிபோம் துணிக்கு மேல, மிசின் ஊசிக்குக் கிட்ட, டப்பெண்டு விழுந்துது என்ர கண்ணாடி. மூக்கு வேர்வை துணியில ரெண்டு புள்ளியா ஊறிப்போச்சு, இனி அதைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக் காயவிட்டுத்தான் மிச்சம் தைக்கவேணும், நாளைக்குக் காலமை பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகவேணுமாம். விசர் வருமோ வராதோ?

விசயம் இதுதான். எனக்கு இடப்பக்கக் காதில மேல்பாதி இல்ல, 2009ல கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளனில போனது. அதைச் சொல்லி அழ வரேல்ல. விசுவமடுவில கை கால் இல்லாத ஆக்களே தங்கட பாட்டில வேலை செய்யினம், என்ர ஒரு சின்னத் துண்டு, தலைமயிரை இழுத்து விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நாப்பது தாண்டி ஊசிக்கண் மங்கத் தொடங்கினாப் பிறகுதான் அந்தத் துண்டுக்கும் ஒரு வேலை இருந்திருக்கு எண்டு விளங்கிச்சுது.

பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் 8,500 ரூபா குடுத்து எடுத்த கண்ணாடி. கடைப் பெடியன் போட்டுப் பாத்திட்டு, "அக்கா, மற்றப் பக்கம் நல்லாத்தானே நிக்குது" எண்டான். சைக்கிள் ஒரு சில்லில ஓடுமோடா தம்பி எண்டு கேட்டன், சிரிக்கிறான். பேந்து காதில மாட்டுற கம்பியைச் சூடாக்கி வளைச்சுத் தந்தான், எங்க கொழுவிறது, வெறும் மண்டையிலயோ? கடைசியாக் கழுத்தில தொங்கவிடுற கயிறு ஒண்டைக் காட்டினான். விழாமல் இருக்க வழி கேட்டா விழுந்தாப் பிறகு ஏந்துறதுக்குச் சாமான் விக்கிறாங்கள்.

யோசிச்சுப் பாருங்கோ, லென்ஸ் ரெண்டின்ர பாரமும் முன்னுக்கு, மூக்கு ஒரு முட்டு மட்டும்தான், பின்னால காது கொழுவிப் பிடிக்காட்டி குனிஞ்சவுடன கவிழத்தானே செய்யும்? நான் எடுத்தது பிளாஸ்ரிக் லென்ஸ், பழைய கண்ணாடிச் சில்லிலும் பாக்க அரைவாசிப் பாரம்தான், எண்டாலும் மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நிண்டா மூக்குச் சறுக்கீஸ் மாதிரி. நான் பாக்கிறதும் குனிஞ்சு செய்யிற வேலை.

மகள் போனில தேடி வாசிச்சுக் காட்டினவள், அதோட இன்னும் ஏறிப்போச்சு எனக்கு. கண்ணாடி வந்தது 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில இத்தாலியிலயாம், பக்கத்துக் கம்பி வந்தது 1730 வாக்கில லண்டனிலயாம். நானூறு வருசத்துக்கு மேல காதே தேவைப்படேல்ல! முதல் வந்த கம்பிகூடக் காதுக்குப் பின்னால போகேல்லயாம், கட்டையா வந்து நுனியில சுருள் வைச்சு நெத்திப்பொட்டில அமத்திப் பிடிச்சதாம். பேந்து மூக்கைக் கிள்ளிப் பிடிக்கிற ஸ்பிறிங் கண்ணாடி, அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற்றின்ர படத்தைப் பாருங்கோ, காதுக்குக் கம்பியே இல்ல. அந்தாளுக்கு நல்ல எடுப்பான மூக்கு, என்ர சப்பை மூக்கில உது நிக்காது எண்டு எனக்கும் தெரியும், ஆனா நெத்திப்பொட்டில அமத்துற சாமானை ஏன் கைவிட்டவங்கள்? எனக்கு ரெண்டு பொட்டும் முழுசா இருக்கு!

கொரோனா நேரம் மாஸ்க்கும் உப்பிடித்தான் காதில மாட்டுற மாதிரி வந்தது. நான் ரெண்டு நாடாவை வைச்சுத் தைச்சுப் பிடரியில முடிஞ்சு விட்டன், அஞ்சு நிமிச வேலை. கண்ணாடிக்கும் செய்து பாத்தாச்சு. தலையைச் சுத்தி லஸ்ரிக் போட்டா மூக்கு அமந்து பின்னேரத்துக்கிடையில தலையிடி. தலைப்பட்டியில இருந்து கம்பியால தொங்கவிட்டன், நிமிர்ந்து இருக்கேக்க ராசா மாதிரி நிண்டுது, குனிஞ்சவுடன ஊஞ்சல் ஆடுது. காதடியில பிளாஸ்ரர் ஒட்டினன், வேர்வைக்குக் கழண்டு தலைமயிரோட வந்துது, அது ஒரு நோ.

இப்ப கிடக்கிற யோசினை, தலைப்பட்டிதான், ஆனா பிடரிக்குக் கீழயும் ஒரு மெல்லிய நாடா, ரெண்டும் பொட்டடியில ஒண்டாச் சேர்ற இடத்தில கண்ணாடியைக் கொழுவ ஒரு சின்னக் கொக்கி, அப்ப குனிஞ்சாலும் ஆடாது, மூக்கிலயும் பாரம் இல்ல. சரிவரும் போலதான் இருக்கு. ஆனா கொக்கியை வலு நுணுக்கமா, ஒளிச்சுத் தையல் போட்டுத் தைக்கவேணும். அதுக்கு ரெண்டு கையும் வேணும், என்ர ஒரு கை கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டெல்லோ இருக்கு. மகளைக் கூப்பிட்டா "அம்மா ரியூசன் முடிய வாறன்" எண்டிட்டுப் போட்டாள்.