ஃப்ரீசரில் வைப்பது தீர்வல்ல
லேப்டாப்பில் சார்ஜ் 80 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை என்று நாகர்கோவில் நண்பர் ஒருவர் இங்கே கேட்டிருந்தார்; அதற்கு, சார்ஜ் ஏறாத பேட்டரியை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று மேலே ஒருவர் பதில் கூறியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அதை முயன்று பார்க்க வேண்டாம். இன்றைய லேப்டாப்களில் இருப்பவை லித்தியம் அயனி பேட்டரிகள். 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அவற்றைச் சார்ஜ் செய்தால், உள்ளிருக்கும் கிராஃபைட் மின்வாயின் (எலக்ட்ரோடு) மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவைக் குறைப்பதோடு உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஏற்படவும் வழிவகுக்கும். அதிலும் குளச்சல், முட்டம் போன்ற நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடனேயே பேட்டரியின் மேல் நீர்த்துளிகள் படிந்துவிடும். அந்த ஈரம் அதன் மின்சுற்றுப் பலகையைக் கெடுக்கும்.

கேள்வி கேட்ட நாகர்கோவில் நண்பருக்குச் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கிறது. அது பெரும்பாலும் பழுதே அல்ல. பேட்டரியின் ஆயுளைக் காக்க 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு பல லேப்டாப்களில் உண்டு என்பதால், தயாரிப்பாளரின் செயலியில் அதை முதலில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அடாப்டரில் அச்சிட்டுள்ள வாட் அளவைக் கவனியுங்கள்: 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் அடாப்டரைச் செருகினால், லேப்டாப் இயங்கினாலும் சார்ஜ் ஏறாமல் போகலாம். பேட்டரி வீங்கி, டச்பேட் மேலெழும்பியோ அடிமூடி உப்பியோ இருந்தால், சார்ஜ் செய்வதை உடனே நிறுத்திவிட்டுச் சர்வீஸ் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.