மாங்காயின் நுனி

சென்ற மாதம் ஒரு கைவினைக் கண்காட்சியில், மரத்தில் மரம் பதித்த பரிமாறும் தட்டுகள் பன்னிரண்டை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பலா மர நிறத்தில் தட்டு, விளிம்பைச் சுற்றிக் கறுப்பு மரத்தில் மாங்காய் வடிவங்கள். "எல்லாம் கைவேலைங்க, ஒரு தட்டுக்கு நாலு நாள் ஆகும்" என்றார் விற்றவர். ஒன்றைக் கையில் எடுத்து மாங்காயின் வால் நுனியைப் பார்த்தேன். கூராக முடிய வேண்டிய இடம் மழுங்கி, குழந்தையின் சுண்டுவிரல் நுனி போல உருண்டிருந்தது. அடுத்த தட்டிலும் அதே உருட்டு, அதே அளவு. பன்னிரண்டு தட்டுகளிலும் இருந்த தொண்ணூற்றாறு மாங்காய்களும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் அது உளி செய்த வேலை அல்ல, 3 மி.மீ. பிட் (சுழன்று மரத்தைக் குடையும் வெட்டுமுனை) மாட்டிய சிஎன்சி ரவுட்டர், அதாவது கணினி ஓட்டும் மரம் வெட்டும் இயந்திரம், செய்த வேலை.

ரவுட்டரின் மீது எனக்குக் கோபம் இல்லை. நானும் அதில்தான் தட்டு செய்கிறேன். என் வருத்தம் அந்த நுனியைப் பற்றியது. சுழலும் பிட் வட்டமானது. அதனால், துண்டைப் பதிக்கத் தோண்டும் குழியின் உள்மூலையில் தன் ஆரத்தைவிடக் கூர்மையாக நுழைய அதற்கு முடியாது. 3 மி.மீ. பிட் என்றால் மூலையில் 1.5 மி.மீ. ஆரமுள்ள வளைவு நின்றுவிடும். குழியில் வளைவு நின்றால் பதிக்கும் துண்டின் நுனியையும் அதற்கேற்ப மழுக்க வேண்டும், அதை மென்பொருளே கேட்காமல் செய்துவிடும். மாங்காயின் அழகே நுனியில் திரும்பும் அந்த ஒரு வளைவில்தான் இருக்கிறது. பாட்டிமார் புடவைக் கரையில் எத்தனையோ தலைமுறையாகக் கூராக இருந்த நுனியை ஒரு பிட்டின் விட்டம் திருத்தி எழுதுகிறது. நாமும் அதுதான் "டிசைன்" என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பொறுமை உள்ளவர், குழியின் மூலையை மட்டும் சிறு உளியால் எடுத்துவிட்டுத் துண்டின் நுனியைக் கூராகவே விடலாம். நான் பயன்படுத்துவது வி-பிட், ஆங்கில V எழுத்துப் போலக் கீழே குறுகும் பிட். அதன் முனை ஊசிபோல இருப்பதால், மூலையை நெருங்கும்போது இயந்திரம் பிட்டை மெல்ல மேலே தூக்கிக்கொண்டே போய் நுனியைக் கூராக முடித்துவிடும். குழியின் பக்கங்கள் சரிவாக இருக்கும். பதிக்கும் துண்டையும் அதே சரிவில் வெட்டினால், ஆப்பு இறங்குவது போல இறுகி உட்காரும். என் கணக்கு இது: 60 பாகை பிட், குழியின் ஆழம் 5 மி.மீ.; துண்டு அதற்குள் 4 மி.மீ. இறங்கும். அடியில் எஞ்சும் 1 மி.மீ. பசைக்கு. துண்டு புடைத்து நிற்கும் முதுகுப் பலகைக்கும் தட்டுக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி விட்டால், பசை காய்ந்தபின் அந்தப் பலகையை வாள் விட்டு அறுத்தெடுக்கலாம்.

முறை எளிதாகத் தெரிகிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பதிக்கும் துண்டு கவிழ்ந்து குழிக்குள் இறங்குவதால், அதன் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிய பிறகே வெட்ட வேண்டும். நான் திருப்ப மறந்தேன். தாமரையாக இருந்திருந்தால் இடமும் வலமும் ஒன்று என்று தப்பித்திருப்பேன். மாங்காயின் வால் ஒரு பக்கம்தானே வளையும்! எட்டுத் துண்டுகளும் கச்சிதமாக வெட்டப்பட்டு, ஒன்றுகூடக் குழிக்குள் இறங்காமல் மேசையில் கிடந்தன. அவை தாத்தாவின் உடைந்த சாய்வு நாற்காலிக் கையிலிருந்து எடுத்த ஈட்டி (ரோஸ்வுட்) மரம். புது ஈட்டிப் பலகை வாங்க எனக்கு மனமில்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கைக்குள் 2017 முதல் வந்துவிட்ட மரம் அது. நல்லவேளையாக நாற்காலிக்கு இன்னொரு கை இருந்தது. உளி வழுக்கினால் ஒரு துண்டு போகும். இயந்திரத்தில் ஒரு தேர்வைத் தவறவிட்டால் எட்டும் போகும், அதுவும் மிகத் துல்லியமாகப் போகும்.

அதனால்தான் "மெஷின் செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, செய்த வேலையைக் காட்டுகிறேன். எந்தத் துண்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. மரம் ஈரம் குடித்தால் ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கேதான் விரியும், ரேகையின் நெடுக்கில் ஏறக்குறைய விரியாது. விளிம்பைச் சுற்றி மாங்காய்கள் வட்டமாக நிற்கும்போது, ஒவ்வொன்றின் ரேகையும் அதன் வாலை நோக்கி ஓடினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஐப்பசி மழையில் தட்டு ஒரு பக்கமும் துண்டு வேறு பக்கமும் விரிய, ஓரத்தில் மயிரிழைப் பிளவு தோன்றும். ஆகவே எட்டு மாங்காய்களின் ரேகையும் அடிப்பலகையின் ரேகைக்கு இணையாக ஓடுமாறு துண்டுகளை வெட்டினேன். பதித்துப் பசை காய்ந்து மேல்பரப்பைச் சமன் செய்த பிறகே நடுவில் 10 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்தேன். முதலிலேயே குடைந்திருந்தால், பசை காயும்வரை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பை இறுக்கும்போது பலகைக்குச் சமமான ஆதாரம் இருந்திருக்காது. சாம்பாரும் கரண்டியும் படும் நடுப்பகுதியில் பதிப்பே வேண்டாம் என்பதும் என் பிடிவாதம். அங்கே வெறும் பலாதான்.

கடைசி வேலையில்தான் கை உண்மையிலேயே தேவைப்பட்டது. வி-பிட் குழி கீழே போகப்போகக் குறுகும் என்பதால், மேலே எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு படம் மெலியும். மாங்காயோடு வரும் 1 மி.மீ. அகலக் கொடியை அரை மி.மீ. கூடுதலாகத் தேய்த்தால் 0.4 மி.மீ.தான் மிஞ்சும். உப்புத்தாள் போட்டபோது வேறொரு தொல்லையும் வந்தது: ஈட்டியின் கருந்தூள் பலாவின் துளைகளில் இறங்கி, மஞ்சள் மரம் அழுக்கேறியது போலாயிற்று. தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். ஈட்டியின் சாயம் கரைந்து இன்னும் பரவியது. எங்கள் தெரு ஆசாரியிடம் எடுத்துப் போனேன். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். "தாள் போடாதீங்க தம்பி. தூள் வந்தாத்தானே அப்பும்? கண்ணாடித் துண்டால சுரண்டுங்க, சுருளாத்தான் வரும்" என்றார். உடைந்த ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தால் ரேகையோடு இழுத்தபோது, வெங்காயத் தோல் போன்ற சுருள்கள் எழுந்து வந்தன. கறுப்பு கறுப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் பிரிந்து நின்றன. மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினில் தேன்மெழுகைக் கரைத்துத் தடவி முடித்தேன். பலா வெளிச்சம் பட்டு நாளடைவில் பழுப்பேறும், இன்றைய பளிச்சென்ற வேறுபாடு அப்படியே இருக்காது என்பதைத் தெரிந்தே அந்த மரத்தை எடுத்தேன்.

இனி அந்தக் கண்காட்சிக்கு வருகிறேன். மைசூரு அரண்மனையில் தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவைப் பார்த்தவர்களுக்குப் பதிப்பு வேலையில் கை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். மைசூருவின் ஈட்டி மரப் பதிப்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தந்தம் போய்விட்ட பிறகும், வெவ்வேறு நிற மரங்களை நுண்வாளால் அறுத்துப் பதிப்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். ரவுட்டரில் வெட்டியதைக் கைவேலை என்று சொல்லி விற்கும்போது ஏமாறுபவர் வாங்குபவர் மட்டும் அல்லர். நாலு நாள் உண்மையாகவே உட்கார்ந்து செய்பவரின் கூலியும் அங்கே பறிபோகிறது. சிஎன்சி வெட்டு என்று சொல்வதில் என்ன கூச்சம்? பூஜை அறைக் கதவின் ஜாலியை சிஎன்சியில் வெட்டியதாக எல்லாரும் பெருமையாகத்தானே சொல்லிக்கொள்கிறோம்! தட்டுக்கு வந்ததும் அந்தச் சொல் ஏன் தொண்டையில் சிக்குகிறது?

என் தட்டின் அடியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பலா, பழைய ஈட்டி. சிஎன்சி வெட்டு. கையால் பதித்துச் சுரண்டியது." மூன்றாவது மாங்காயின் கொடி ஓரிடத்தில் அறுந்திருப்பதை எழுதவில்லை. அது நான் ஒருமுறை கூடுதலாக இழுத்த இழுப்பு; தட்டைக் கையில் எடுப்பவர் கண்டுபிடித்துக்கொள்வார்.