விளையாடறதும் சூதாடறதும் ஒண்ணு இல்லீங்க

அந்தப் பதிவை நீங்க எல்லாரும் இந்நேரம் பார்த்திருப்பீங்க. எனக்கே பல பேர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "இதுல இருக்கறது நீங்கதானே?"ன்னு கேட்டாச்சு. ஆமா, நான்தான். நடுவுல பச்சைச் சுடிதார். போன மாசம் காந்திபுரத்துல ஒரு ஹோட்டல்ல ஹாட்ரிக்ங்கற ஆன்லைன் ஃபுட்பால் விளையாட்டை ஆடற எங்க ஆளுங்க சந்திச்சப்போ எடுத்த போட்டோ அது. அதை எடுத்து, "அரசு தடை போட்டும் அடங்காத ஆன்லைன் சூதாட்டக் கும்பல், கூட ஒரு குடும்பப் பொண்ணு வேற"ன்னு தலைப்பு வெச்சுப் போட்டிருக்கார், நான் வருஷக்கணக்கா அண்ணான்னு கூப்பிடற ஒருத்தர். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் நம்பர் அவர்கிட்ட இருக்கு.

பேசாம விட்டுடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா அது என் பொண்ணோட ஸ்கூல் பேரண்ட்ஸ் குரூப் வரைக்கும் போயிடுச்சு. ஆபீஸ்ல பக்கத்து சீட் அக்கா மெதுவா வந்து, "எவ்வளவு விட்டே கண்ணு?"ன்னு கேக்கறாங்க. அதுக்கு மேல சும்மா இருக்க முடியல.

முதல்ல ஒரு விஷயம். இதுல பைசா கிடையாது. பந்தயம் கட்டறதுக்கும் இல்ல, ஜெயிக்கறதுக்கும் இல்ல.

ஹாட்ரிக்ங்கறது 1997ல ஸ்வீடன்ல ஆரம்பிச்ச விளையாட்டு. உங்க கையில ஒரு கற்பனை ஃபுட்பால் கிளப் குடுப்பாங்க. பசங்களுக்குப் பயிற்சி குடுக்கணும், ஏலத்துல ஆள் எடுக்கணும், விக்கணும், சம்பளம் போடணும், மேட்சுல யார் எந்த இடத்துல ஆடணும்னு லைன்-அப் வெக்கணும். எல்லாம் கற்பனைப் பணம். ஒரு லீக்ல எட்டு டீம், ஒவ்வொரு டீமையும் சொந்த மைதானத்துல ஒரு தடவை, அவங்க மைதானத்துல ஒரு தடவை, ஆக 14 மேட்ச். ஒரு சீசன் 16 வாரம். முதல் இடம் வந்தா மேல் டிவிஷனுக்குப் போகலாம். பரிசு அவ்வளவுதான். சந்தா ஒண்ணு இருக்கு, இல்லைன்னு சொல்லல. விரும்பறவங்க கட்டலாம். கட்டினா புள்ளிவிவரப் பக்கம் கொஞ்சம் கூடுதலாத் தெரியும், கிளப்புக்கு லோகோ வெச்சுக்கலாம். ஒரு கோல் கூட அதால வராது. காசு கட்டினவனையும் கட்டாதவனையும் மைதானத்துல ஒரே மாதிரி நடத்தற விளையாட்டு இது.

சட்டம் பேசறவர் சட்டத்தைப் படிச்சிருக்கணும். 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல நிறைவேறின ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வெச்சு ஆடறதைத் தடை பண்ணுது. அதே சட்டம் கம்ப்யூட்டர்ல போட்டியா ஆடற இ-ஸ்போர்ட்ஸையும் சாதாரண ஆன்லைன் விளையாட்டையும் தனித்தனியாப் பிரிச்சு, அதையெல்லாம் ஊக்குவிக்கணும்னும் சொல்லுது. அந்தச் சட்டத்தோட பேர்லயே ஊக்குவிப்புங்கற வார்த்தை முதல்ல வரும், ஒழுங்குபடுத்தறது அப்புறம்தான். நம்ம தமிழ்நாடு 2022லயே ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரா தனிச்சட்டம் கொண்டு வந்துச்சு. அது ஏன் வந்துதுன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

எங்க தெருவுலயே ஒரு குடும்பம் அப்படிப் போச்சு. ஆன்லைன் ரம்மி. முதல்ல ஐநூறு, ஆயிரம். அப்புறம் அந்த அக்காவோட வளையல், அப்புறம் தாலிக்கொடி. ஒரு நாள் சாயங்காலம் அவங்க எங்க வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்து, ஒண்ணும் பேசாம, கழுத்துல கிடந்த மஞ்சக்கயிறை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தக் கொடுமையை எதிர் வீட்டுல இருந்து பார்த்தவ நான். தடைச் சட்டம் வந்தப்போ இதே முகநூல்ல வரவேற்று எழுதினவளும் நான். என்னைக் கொண்டுபோய் அந்தக் கூட்டத்துல சேர்த்தா எனக்கு எப்படி இருக்கும்? அந்த அக்கா அந்தப் பதிவைப் பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?

"காசு இல்லைன்னா அப்புறம் எதுக்கு ஆடறே?" இதுவும் கமெண்ட்ல வந்துச்சு. நல்லா யோசிச்சுப் பாருங்க. காசு இல்லாம யாரும் எதையும் ரசிக்க மாட்டாங்கன்னு நினைக்கற இடத்துக்கா நாம வந்து சேர்ந்திருக்கோம்?

எதுக்கு ஆடறேன்னு சொல்றேன். மேட்ச் எழுத்துலதான் ஓடும். படம் கிடையாது, கார்ட்டூன் கிடையாது. நிஜ மேட்ச் மாதிரியே 90 நிமிஷம், நடுவுல ஹாஃப் டைம். 63வது நிமிஷம் ஒரு வரி வரும், உங்க லெஃப்ட் விங்கர், அதாவது இடது ஓரத்துல ஆடறவன், பந்தை எடுத்துக்கிட்டு ஓடறான்னு. அடுத்த வரி வர்ற வரைக்கும் மூச்சு நிக்கும். ஸ்கிரீன்ல இருக்கறது நாலு வரி எழுத்து, ஆனா அந்தப் பையன் அகாடமியில இருந்து நான் வளர்த்தவன். வாரத்துக்கு ஒரு தடவை, ஆள் தேடித் தர்ற ஸ்கவுட் போன் பண்ணி, இப்படி ஒரு பையன் இருக்கான், வேணுமா வேண்டாமான்னு கேப்பான். வேணும்னு சொல்லி எடுத்தேன். பேரு கம்ப்யூட்டர் வெச்சதுதான். அவனுக்கு வாராவாரம் விங்கர் பயிற்சி குடுத்து, அவன் திறமை 'சாலிட்'ங்கற படியில இருந்து அடுத்த படியான 'எக்ஸலண்ட்'டுக்கு ஏறின அன்னிக்கு, எங்க ஆளுங்க சொல்ற மாதிரி 'பாப்' ஆன அன்னிக்கு, முதல்ல வாழ்த்துச் சொன்னது அந்த வாரம் என்னை எதிர்த்து ஆடவேண்டிய ஆளு.

அப்புறம் அந்த முடிவெடுக்கற சுகம். சீசன்ல ஏதோ ஒரு மேட்சை உயிரைக் குடுத்து ஆடுங்கடான்னு டீமுக்குச் சொல்லலாம். 'மேட்ச் ஆஃப் தி சீசன்', சுருக்கமா 'மாட்ஸ்'னு சொல்லுவோம். அன்னிக்கு நடுக்களம் தூக்கி நிக்கும். ஆனா டீமோட உற்சாகம் இறங்கிடும், அடுத்த வாரங்கள்ல அதுக்கு விலை குடுக்கணும். இந்த வாரமே போடறதா, கடைசி வாரத்துக்கு வெச்சுக்கறதா? எதிராளி போடுவானா? நாளைக்கு மழைன்னு காட்டுது, மழையில டெக்னிக்கல் ஆளு சறுக்குவான், பவர்ஃபுல் ஆளு நிப்பான், யாரை உக்கார வெக்கறது? சாம்பாருக்குத் தாளிக்கும்போது இதை யோசிச்சுக்கிட்டிருப்பேன். சாம்பார் நல்லாத்தான் வரும்.

நேர விரயம்னு சொல்றவங்களுக்கு ஒரே பதில்: ஒரு நாளைக்கு கால் மணி நேரம். மேட்ச் அன்னிக்கு ஒன்றரை மணி. நீங்க ரீல்ஸ் பார்க்கறதை நான் கணக்கு எடுக்கல.

"கற்பனை டீமுக்கு இவ்வளவா"ன்னு ஒருத்தர். இந்தக் கற்பனையை உலகம் அவ்வளவு லேசா எடுத்துக்கலங்க. அமெரிக்காவுல ஹால் ரிச்மன்னு ஒருத்தர் 1961ல ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்னு ஒரு பேஸ்பால் விளையாட்டை விக்க ஆரம்பிச்சார். அட்டையும் தாயக்கட்டையும்தான். ஒவ்வொரு நிஜ ஆட்டக்காரனுக்கும் ஒரு அட்டை, அவன் நிஜமா ஆடின கணக்கு அதுல இருக்கும். 1981ல பேஸ்பால் வீரர்கள் ஸ்ட்ரைக் பண்ணி, சிறந்த வீரர்கள் மட்டும் ஆடற ஆல்-ஸ்டார் மேட்ச் தள்ளிப்போனப்போ, அது நடக்கவேண்டிய கிளீவ்லாண்ட் ஸ்டேடியத்துலயே உக்காந்து இந்த அட்டையை வெச்சு ஆடிப் பார்த்தாங்க. பிரான்ஸ்ல ரெய்ம்ஸ் ஃபுட்பால் கிளப்புக்கு 2022ல கோச்சா வந்த வில் ஸ்டில்லுக்கு அப்போ கிட்டத்தட்ட 30 வயசு. சின்ன வயசுல ஃபுட்பால் மேனேஜர் கேம் ஆடித்தான் இந்த ஆசை வந்துதுன்னு அவரே சொல்லியிருக்கார். கோச்சுக்கான உச்ச லைசன்ஸ் அவர்கிட்ட அப்போ இல்ல. மேட்சுக்கு 25,000 யூரோ அபராதம் கட்டி அவரை வெச்சுக்கிட்டாங்க.

நான் கோச் ஆகப் போறேன்னு சொல்ல வரல. இந்த மாதிரி பெரிய பேரெல்லாம் சொல்லித்தான் என் சந்தோஷத்துக்கு அனுமதி வாங்கணும்னும் நினைக்கல. பயன் இல்லாம ஒரு விஷயம் பிடிக்கக் கூடாதா? அவ்வளவுதான் என் கேள்வி.

"முகம் தெரியாதவங்க எல்லாம் நண்பர்களா?" இதுக்குத்தான் எனக்குக் கோபம் வருது. ரெண்டு வருஷத்துக்கு முந்தி அப்பா ஐசியூவுல இருந்தார். அந்த வாரம் எங்க லீக்ல முதல் இடத்துக்கான மேட்ச். எதிராளி பாலக்காட்டுப் பையன், என்னை சேச்சின்னு கூப்பிடுவான், மூணு சீசனா நானும் அவனும் முட்டிக்கிட்டிருந்தோம். நான் லைன்-அப் பக்கமே போகல. டீம் தானா இறங்கி 4-0 தோத்துது. மேட்ச் முடிஞ்சதும் மெசேஜ்: சேச்சி, இது நீங்க ஆடின ஆட்டம் இல்ல, என்ன ஆச்சு? சொன்னேன்.

மறுநாள் காலையில அவனும் அவன் அம்மாவும் பஸ் ஏறி வந்து ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னாங்க. அதுக்கு முன்னாடி நாங்க ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்த்ததே இல்ல. அந்த அம்மா கையில எவர்சில்வர் தூக்கு, உள்ள கஞ்சி, மேல் தட்டுல சிறுபயறுத் தோரன், ஒரு ஓரமா சுட்ட பப்படம். நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அந்த அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. எனக்கு மலையாளம் சரியா வராது, அவங்களுக்குத் தமிழ் அரைகுறை. பையன் அன்னிக்கு ராத்திரி ஐசியூ வாசல்ல நாற்காலியில உக்காந்து, என்னை வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வரச் சொன்னான். ஜெயிச்சதுக்கு அவன் மன்னிப்புக் கேக்கல. கேட்டிருந்தா எனக்குப் பிடிச்சிருக்காது. விட்டுக் குடுத்து ஆடறது எங்க விளையாட்டுல ஏமாத்து வேலை. நல்லா ஆடி என்னை அடிச்சான், அப்புறம் வந்து எனக்காக ராத்திரி முழிச்சான். இதுக்கு நட்புன்னு பேர் வெக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

அப்பா பிழைச்சு வந்தார். இப்பவும் அந்தப் பையன் வந்தா, "நாலு கோல் போட்டவன் வந்துட்டான்"னு சொல்லித்தான் உள்ள கூப்பிடுவார். போட்டோவுல எனக்கு வலது பக்கம் நிக்கறவன் அவன்தான். சூதாட்டக் கும்பல்ல அவனும் ஒரு ஆளு, பார்த்துக்கோங்க.

கடைசியா அந்தப் பெரிய அறிவுரை. "நிஜ மைதானத்துக்குப் போய் ஆடு."

எந்த மைதானம் அண்ணா? 1996 கிரிக்கெட் உலகக் கோப்பை சமயத்துல நான் பள்ளிக்கூடத்துல. கிரவுண்டு பசங்களுக்கு. எங்களுக்கு வேப்பமரத்தடி, ரிங் பால், அதுவும் பி.டி. மிஸ் வந்தா. லாகூர் ஃபைனல்ல இலங்கையோட அரவிந்த டி சில்வா 107 நாட் அவுட் அடிச்சதை, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்து வீட்டு டிவியில பார்த்தவ நான். மறுநாள் கடைசி பெஞ்சுல நானும் என் தோழியும் புக் கிரிக்கெட். வரலாறு புத்தகத்தைப் பட்டுனு விரிச்சு, இடது பக்க எண்ணோட கடைசி இலக்கத்தைப் பார்க்கணும். பூஜ்யம் வந்தா அவுட். ஜெயசூர்யா, களுவிதாரண, எல்லாரையும் வரிசையா இறக்கி, ரஃப் நோட்டுல பின்பக்கம் ஸ்கோர் கார்டு போட்டு வெச்சிருந்தோம். டீச்சர் நோட்டைப் பிடுங்கிக் கிழிச்சாங்க. பொம்பளப் பிள்ளைக்கு கிரிக்கெட் என்ன கேடுன்னும் கேட்டாங்க. அன்னிக்குக் கேட்ட அதே குரல்தான், இன்னிக்கு அந்தப் பதிவுல 'குடும்பப் பொண்ணு வேற'ன்னு வந்திருக்கு.

அதுதான் உண்மையான வருத்தம், சொல்லிடறேன். கூட நின்ன பதினாலு ஆம்பளைங்களுக்கு யாரும் 'குடும்பப் பையன்'னு போடல. டீக்கடையில உக்காந்து ஐபிஎல் டீமை ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அலசறவங்களை யாரும் வீடு என்ன ஆச்சுன்னு கேக்கறதில்ல. ஆபீஸ் முடிச்சு, சமைச்சு, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்து, அப்பாவுக்கு மாத்திரை எடுத்து வெச்சதுக்கு அப்புறம் எனக்குன்னு இருக்கற கால் மணி நேரத்துக்கு நான் கணக்குக் குடுக்கணும். சீரியல் பார்த்திருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கோயிலுக்குப் போய் நின்னிருந்தா பாராட்டியிருப்பாங்க. ஃபுட்பால் கிளப் நடத்தறா, அதுவும் நல்லா நடத்தறா, அதுதான் உறுத்துது.

"உங்களைச் சொல்லலம்மா, பொதுவாச் சொன்னேன்"னு இன்பாக்ஸ்ல வந்திருக்கு. பொதுவாச் சொல்றவர் என் முகத்தை எதுக்குப் போட்டார்? பதிவை எடுக்கறதோ வெச்சுக்கறதோ உங்க இஷ்டம் அண்ணா. இதுக்கு மேல நான் கேக்கப் போறதில்ல.

ஒரு நல்ல விஷயமும் நடந்திருக்கு. அந்தப் பதிவைப் பார்த்துட்டு மூணு பொண்ணுங்க, அதுல ஒருத்தங்க ரெண்டு பேரப் பிள்ளைங்களோட பாட்டி, "அக்கா இதுல எப்படிச் சேர்றது"ன்னு கேட்டிருக்காங்க. தாராளமா வாங்க, கூடவே இருந்து சொல்லித் தர்றேன். டீம் கையில கிடைச்ச முதல் வாரமே வயசான பெரிய ஆட்டக்காரனுக்கு இருக்கற பணத்தையெல்லாம் கொட்டிடாதீங்க. 17, 18 வயசுப் பசங்களா எடுங்க. பயிற்சியில ஏதாவது ஒரு திறமையைப் பிடிச்சுக்கோங்க, பக்கத்து டீம்காரன் சொன்னான்னு வாரத்துக்கு ஒண்ணா மாத்தாதீங்க. ஏலத்துல கடைசி மூணு நிமிஷத்துல யாராவது விலை ஏத்தினா நேரம் நீளும், அதனால பதறாம உக்காருங்க. லைன்-அப் போடத் தெரியலைன்னா மேட்சுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கூப்பிடுங்க, அதுக்குள்ள எனக்குப் பாத்திரம் கழுவி முடிஞ்சிருக்கும்.