இ.எம்.ஐ. முடிஞ்சா ஆர்.சி. தானா மாறிடாது

"வண்டி லோனோட கடைசி இ.எம்.ஐ. கட்டினதும் ஆர்.சி.யில (வண்டிப் பதிவுச் சான்றுல) பேங்க் பேர் தானா போயிடும்"னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். அப்படி நம்பிக்கிட்டு லோன்ல இருந்த பழைய வண்டியை டோக்கன் (முன்பணம்) கொடுத்து வாங்கிடாதீங்க. ஆர்.சி.யில இருக்கிற ஹைப்பாதிகேஷனை, அதாவது வண்டி பேங்க் கடன்ல இருக்குங்கிற பதிவை, நாமதான் எடுக்கணும்.

பேங்க்ல என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லைங்கிற சான்று), சீல், கையெழுத்தோட ஃபாரம் 35-ம் (அந்தப் பதிவை நீக்கக் கேட்கிற படிவம்) ரெண்டு பிரதி வாங்கணும். சேஸிஸ் நம்பரை அங்கேயே ஆர்.சி.யோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு இலக்கம் தப்பினாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் 3 மாசம்தான் ஆயுசு. அரசோட பரிவாஹன் வெப்சைட்ல பணம் கட்டி, இன்சூரன்ஸ், புகைச் சான்றோட கொடுக்கணும்.

பலர் மறக்கிறது இன்சூரன்ஸ் பாலிசி. அதுலயும் பேங்க் பேரை எடுக்கலைன்னா, வண்டி முழுசா நொறுங்கினா கிளைம் பணம் உங்க கைக்கு வர இழுத்தடிக்கும்.