புறவழிச்சாலையும் கார்த்திகைத் தண்ணீரும்

கும்பகோணத்துக்குப் புறவழிச்சாலை வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே கோயில்களையும் குளங்களையும் சுற்றி வளர்ந்த ஊர் அது. தேரோடும் வீதியில் லாரி திரும்ப இடமேது? 2028-இல் மகாமகம் வேறு வருகிறது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச்சாலை ஊருக்குள் நுழையாமல் புறத்தே செல்வது நல்லதுதான்.

என் குறை வேறு. டெல்டாவில் சாலை என்றால் ஆள் உயரத்துக்கு மண் கொட்டி எழுப்பும் கரை. கிழக்கே கடலை நோக்கி மெல்லிய வாட்டத்தில் தண்ணீர் இறங்கும் இந்தச் சமவெளியில், ஊரைச் சுற்றித் தெற்கு வடக்காகத் திரும்பும் ஒவ்வொரு சாலையும் அந்த இறக்கத்துக்குக் குறுக்கே படுத்துக்கொள்கிறது. ஆற்றுக்குப் பாலம் கட்டிவிடுகிறார்கள். பதிவேட்டில் உள்ள வாய்க்காலுக்கும் வழி விடுகிறார்கள். ஆனால் இங்கே பாதித் தண்ணீர் வாய்க்காலில் போவதில்லை, வரப்பு மடை வழியாக வயலுக்கு வயல் பாய்ந்து வடிகிறது. அது எந்த வரைபடத்திலும் இருக்காது.

எங்கள் ஊருக்கு அளக்க வந்தது சித்திரையில். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால், அப்போது வாய்க்காலே மாட்டுவண்டித் தடம் போலத்தான் கிடக்கும். சாலை வந்த பிறகு முதல் கார்த்திகை மழையில் மேற்குப் பக்கத்துத் தாளடிப் பயிர் பன்னிரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது; சாலைக்குக் கிழக்கே வரப்பெல்லாம் வெளியே தெரிந்தது. நடுவில் இருந்தவை இரண்டு சிமெண்ட் குழாய்கள். பெரியப்பா தண்ணீரில் இறங்கி மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்தார்: குழாயின் அடிமட்டம் வயலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

“வரைபடத்துல இங்க வாய்க்காலே இல்லைங்களே ஐயா” என்றார் பார்வையிட வந்தவர்.

“வாய்க்கா இல்லதான் தம்பி. மழை விட்டா ஒரே நாள்ல வடிஞ்சிடும், அதான் இருந்துச்சு.”

தவறு சாலை போட்டவர்களுடையது மட்டுமன்று. நிலம் எடுக்கும் அறிவிக்கை வந்த 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. அன்று ஒரு மா நிலத்துக்கு எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதைத்தான் எல்லோரும் எழுதினோம். நானும் அதையேதான் எழுதினேன். டெல்டாவுக்கென 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காப்பாற்றும் என்று சிலர் நம்பினார்கள். அது புதிய எண்ணெய்க் கிணற்றைத் தடுக்குமே தவிர, சாலையைத் தடுக்காது.

சாலைத் தடத்தை ஐப்பசி, கார்த்திகையில், தண்ணீர் நிற்கும்போது, அந்தந்த ஊர் விவசாயியோடு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்; குழாயின் மட்டத்தை வயலின் அடியிலிருந்து கணக்கிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

இந்தத் தை மாதம் மாமா ஊரில் சாலைக்காக அளந்து கல் நட்டிருக்கிறார்கள். ஆட்சேப மனுவோடு, போன கார்த்திகையில் எடுத்த படங்களையும், எந்தெந்த வரப்பில் மடை இருக்கிறது என்று பெரியப்பா கைப்படப் போட்ட படத்தையும் இணைத்திருக்கிறோம்.